மூன்று வாரம் தாண்டிய தலைவலி: எச்.ஐ.வி. இல்லாதவர்களைத் தாக்கும் பூஞ்சை மூளைக்காய்ச்சல்

முதல் வாரம் தலைவலிக்குப் பனடோல். இரண்டாம் வாரம் பக்கத்துக் கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை. மூன்றாம் வாரம் எதிரே வருபவர் இரண்டிரண்டாகத் தெரிகிறார், கண்ணாடிக் கடையில் பவர் மாற்றுகிறார்கள். நான்காம் வாரம் காலையில் எழுந்ததும் வாந்தி. ஐந்தாம் வாரம் பேச்சு குழறுகிறது, ஆள் எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். அப்போதுதான் ஜி.எச். அவசரப் பிரிவு.

எச்.ஐ.வி. உள்ளவர் தலைவலி என்று வந்தால், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான மருத்துவருக்குக்கூடக் கிரிப்டோகாக்கஸ் என்ற பெயர் உடனே நினைவுக்கு வரும். எச்.ஐ.வி. இல்லாத ஐம்பது வயது இல்லத்தரசிக்கோ லோரி ஓட்டுநருக்கோ அந்த நினைப்பு வருவதில்லை. எச்.ஐ.வி. இல்லாதவர்கள் இந்த நோயில் உயிரையோ பார்வையையோ இழப்பதற்கு முதல் காரணம், அவர்களிடம் இதை யாரும் தேடாததுதான். பூஞ்சையின் முரட்டுத்தனம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

கிரிப்டோகாக்கஸ் ஒரு ஈஸ்ட் வகைப் பூஞ்சை. 1894இல் ஜெர்மனியில் புஸ்ஸே, புஷ்கே என்ற இரு மருத்துவர்கள் ஒரு நோயாளியிடம் இதை முதன்முதலாகக் கண்டார்கள். 2022 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டபோது, கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸை மிக உயர்ந்த பிரிவில் வைத்தது. இது மண்ணிலும் காய்ந்த புறா எச்சத்திலும் வளரும், மூச்சுவழி நுரையீரலுக்குப் போகும், அங்கிருந்து இரத்தம் வழியாக மூளையுறையை அடையும். இதன் உறவான கிரிப்டோகாக்கஸ் காட்டியி மரங்களிலும் மரப்பொந்துகளிலும் வாழ்வது. உடம்பில் எந்தக் குறையும் இல்லாதவர்களையும் அது பிடிக்கும், மலேசியாவிலும் அப்படிப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள்.

இந்தப் பூஞ்சையைச் சுற்றிக் கூழ் போன்ற ஒரு தடித்த உறை இருக்கிறது. நோயின் பாதிக் கதை அந்த உறையில் அடங்கியிருக்கிறது. உறையிலிருந்து கழன்று மிதக்கும் சர்க்கரைப் பொருள், மூளையைச் சுற்றி ஓடும் நீர் வடியும் துளைகளை அடைத்துவிடுகிறது. நீர் உற்பத்தி நிற்பதில்லை, வடிகால் மட்டும் அடைபடுகிறது. மண்டைக்குள் அழுத்தம் ஏற ஏறப் பார்வை நரம்பு நசுங்குகிறது. தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை மூன்றும் இந்த அழுத்தத்தால் வருபவை. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இல்லாமலேயே நோய் முற்றிவிடலாம். "காய்ச்சல் இல்லையே, அப்புறம் எப்படி மூளைக்காய்ச்சல்?" என்று கேட்டு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

பத்துமலைப் புறாக்களைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர் பத்துமலை அடிவாரத்தில் புறாவுக்குத் தீனி போடுவதால் பயப்பட ஒன்றுமில்லை. நம்மில் பலர் இந்தப் பூஞ்சையை எப்போதாவது மூச்சில் இழுத்திருப்போம், உடம்பு அதை அடக்கி வைத்திருக்கும். கவனம் தேவைப்படுபவர்கள் வேறு: சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர், உடம்பு தன்னையே தாக்கும் லூப்பஸ் நோய்க்கு ஸ்டீராய்டு எடுப்பவர், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர். அடுக்குமாடி வீட்டின் ஏர்கான் கம்ப்ரஸர் மீது மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் புறா எச்சத்தை இவர்கள் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. வீட்டில் வேறொருவர் முகக்கவசம், கையுறை போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து ஊறவைத்துத் தூசி பறக்காமல் அள்ளட்டும். நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

யாருக்கு வருகிறது என்றால், ஸ்டீராய்டு முதலிடத்தில் இருக்கிறது. அடுத்து உறுப்பு மாற்று, லூப்பஸ், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், கல்லீரல் சுருக்கம், நோயெதிர்ப்பைத் தணிக்கும் புதிய மாத்திரைகள். இனிப்புநீர் தனியாகவே ஒரு காரணமா என்பதில் மருத்துவர்களிடையே வாதம் உண்டு, ஆனால் இங்கே நோயாளிகள் பலரிடம் அது கூடவே இருக்கிறது. எந்தக் காரணமும் தெரியாதவர்களும் கணிசமாக உண்டு. அவர்களில் சிலருடைய இரத்தத்தில், நோயெதிர்ப்பு அணுக்களைத் தட்டியெழுப்பும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்ற புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பது பின்னாளில் தெரியவந்தது. சிலருக்கு நோயெதிர்ப்பை வழிநடத்தும் சி.டி.4 என்ற வெள்ளணுக்கள் காரணமின்றிக் குறைவாக இருக்கும். எனவே எச்.ஐ.வி. பரிசோதனை செய்து இல்லை என்று உறுதியான பிறகும் சி.டி.4 எண்ணிக்கையைக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. எச்.ஐ.வி. பரிசோதனையையே "இவருக்கு எங்கே வரப்போகிறது" என்று விட்டுவிடுவது பெரிய தவறு.

மலேசியாவில் இன்னொரு காரணத்தைத் தோண்டிக் கேட்க வேண்டும். "ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?" என்றால் இல்லை என்பார்கள். "மூட்டு வலிக்கு ஜாமு, மூலிகை மாத்திரை, பசார் மாலாமில் வாங்கிய பொடி ஏதாவது?" என்று கேட்டால் பையிலிருந்து ஒரு போத்தல் வெளியே வரும். இப்படி விற்கும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சொல்லாமல் கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரு வாரத்தில் முட்டி வலி பறந்துபோவதும், பசி கூடுவதும், முகம் உப்புவதும், இனிப்பு அளவு ஏறுவதும் அதன் அடையாளங்கள். பதிவு செய்த பாரம்பரிய மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் போத்தலை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பல மாதம் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப்போயிருக்கும், திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும்.

முதுகு நீர்

நோயை உறுதி செய்ய ஒரே வழி முதுகில் ஊசி வைத்து நீர் எடுப்பது. "முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே விழுந்துவிடும்" என்று குடும்பத்தினர் பயந்து மறுப்பதால் நாள்கள் கழிகின்றன. தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்புப் பக்கம் முடிந்துவிடுகிறது. ஊசி போவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். அங்கே தண்டுவடம் இல்லை, நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். மயக்கம் தெளியாதவருக்கும் ஒரு பக்கம் கைகால் தளர்ந்தவருக்கும் முதலில் மூளை ஸ்கேன் எடுத்துக் கட்டி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள்.

ஊசி போடும்போது நோயாளி பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும், முதல் சொட்டு வந்ததும் கண்ணாடிக் குழாய் பொருத்தி அழுத்தத்தை அளக்க வேண்டும். உட்கார வைத்து எடுத்தால் அந்த அளவு செல்லாது. படுத்த நிலையில் குழாயில் நீர் 20 செ.மீ. உயரம் வரை ஏறினால் இயல்பு, 25 செ.மீ. தொட்டாலே சிகிச்சை தேவை. வார்டில் அவசரத்தில் அதிகம் விடுபடுவது இந்த ஒரு அளவுதான். அளக்காவிட்டால் பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் குருட்டு முடிவுகள். குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம்: "டாக்டர், அழுத்தம் எவ்வளவு இருந்தது?"

எடுத்த நீரை அணுக்களின் எண்ணிக்கை, புரதம், சர்க்கரை, பூஞ்சை வளர்ப்பு, காசநோய்ப் பரிசோதனை, கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் (பூஞ்சை உறையிலிருந்து கழன்ற அந்தச் சர்க்கரைப் பொருள்) எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டும். வளர்ப்புக்கு இரண்டு மூன்று சொட்டு போதாது. எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் பூஞ்சையின் எண்ணிக்கை குறைவு, நீர் கூடுதலாக இருந்தால்தான் முளைக்கும். இந்திய மை போட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறை இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒன்றும் காட்டாது, சில நேரம் வெள்ளணுவையே பூஞ்சை என்று காட்டி ஏமாற்றவும் செய்யும். மை பரிசோதனையில் இல்லை என்று வந்ததும் கோப்பை மூடிவிடுவதுதான் ஆபத்து. ஆன்டிஜென் பட்டைச் சோதனை பத்து நிமிடத்தில் முடிவு சொல்கிறது, மிகத் துல்லியமானது. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. ஆன்டிஜென் மிக அதிகமாக இருந்தால் பட்டையில் கோடு விழாமலே போகலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மாதிரியை நீர்க்கவைத்து மறுபடி செய்யச் சொல்ல வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்களிடம் இன்னொரு கண்ணி. முதுகு நீரில் சர்க்கரை 3.5 மில்லிமோல் என்றால் தாளில் இயல்பாகத்தான் தெரியும். அதே நேரம் இரத்தத்தில் 15 இருந்தால் விகிதம் கால்பங்குக்கும் கீழே, அது தெளிவாகக் குறைவு. முதுகு நீர் எடுக்கும் அதே வேளையில் விரல் நுனியிலாவது இரத்தச் சர்க்கரையைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

வெள்ளணுக்கள் கூடி, புரதம் ஏறி, சர்க்கரை குறைந்த முதுகு நீரைப் பார்த்தால் இந்த நாட்டில் எவருக்கும் முதலில் தோன்றுவது காசநோய். அது நியாயமான எண்ணம்தான். ஆனால் காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு மருந்தோடு டெக்ஸாமெத்தசோனும் கொடுப்பார்கள். கிரிப்டோகாக்கஸ் உள்ளவருக்கு அது கொடுத்தால் முதல் வாரம் தலைவலி குறையும், குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும், உள்ளே பூஞ்சை பெருகும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பும். காசநோய் மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை தொடங்கும் ஒவ்வொருவருக்கும் முதுகு நீரில் ஆன்டிஜென் பார்த்தாயிற்றா என்ற ஒரு கேள்வி போதும் இதைத் தடுக்க. பிறகு கண்டுபிடித்து ஃபுளூகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரையைத் தொடங்கினாலும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதன் அளவைக் குறைத்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்கு வாரமா, ஆறு வாரமா

பூஞ்சையைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின் ஊசி வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் பிழைத்ததே அரிது. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் அந்த மருந்தைப் பிரித்தார்கள். இன்றும் முதல் ஆயுதம் அதுதான். எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் நடந்த முக்கியமான ஆய்வுகள் பழையவை. 1979இல் ஆம்ஃபோடெரிசினோடு ஃப்ளூசைட்டோசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தையும் சேர்த்து ஆறு வாரம் கொடுத்ததை, ஆம்ஃபோடெரிசின் மட்டும் பத்து வாரம் கொடுத்ததோடு ஒப்பிட்டார்கள். கூட்டுச் சிகிச்சையில் முதுகு நீர் விரைவாகச் சுத்தமானது, தோல்வியும் மறுதாக்கமும் 3 பேருக்கு மட்டும், தனி மருந்தில் 11 பேருக்கு. 1987இல் அதே கூட்டை நான்கு வாரமும் ஆறு வாரமும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் 75 சதவீதம் பேர் குணமானார்கள் அல்லது தேறினார்கள், ஆறு வாரத்தில் 85 சதவீதம். நோய் திரும்பியது 27 சதவீதம், 16 சதவீதம்.

இந்த எண்களைப் படிக்கும்போது, அன்று ஃபுளூகொனசோல் இல்லை என்பதை மனத்தில் வைக்க வேண்டும். ஊசி நின்றதும் பாதுகாப்பும் நின்றுவிட்டது. இப்போது ஊசிக்குப் பின் ஓராண்டுவரை மாத்திரை தொடர்வதால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

"ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு ஊசியில் முடித்துவிடுகிறார்களாமே, அப்பாவுக்கு ஏன் ஒரு மாதம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் சொல்லும் ஆய்வு 2022இல் வெளியானது. கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த லைபோசோம் வகை ஆம்ஃபோடெரிசினைக் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே தவணையாகக் கொடுத்து, இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசினும் ஃபுளூகொனசோலும் சேர்த்தார்கள். பத்து வாரத்தில் இறப்பு 24.8 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 28.7 சதவீதம். அருமையான முன்னேற்றம்தான், ஆனால் அதில் இருந்த எல்லாருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அவர்களுக்குச் சில வாரம் கழித்து எச்.ஐ.வி. மருந்து தொடங்கினால் எதிர்ப்புச் சக்தி மீண்டு வந்து மிச்சப் பூஞ்சையை அழிக்கும். மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கும் லிம்ஃபோமா உள்ளவருக்கும் அப்படி மீட்டுத்தரும் மருந்து கிடையாது. அந்தக் குறுகிய முறையை அப்படியே இங்கே கொண்டுவந்து போடுவது என் கருத்தில் இப்போதைக்குச் சரியல்ல.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வது இது: எச்.ஐ.வி.யும் இல்லை, உறுப்பு மாற்றும் இல்லை என்றால், கூட்டுச் சிகிச்சை குறைந்தது நான்கு வாரம். இரண்டாம் வாரம் எடுத்த முதுகு நீரில் பூஞ்சை வளராமல் இருக்க வேண்டும், நரம்புச் சிக்கல் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் ஆறு வாரம். மூளைக்குள் பூஞ்சைக் கட்டி இருந்தால், காட்டியி வகையில் இது அடிக்கடி வரும், ஆறு வாரத்துக்குக் குறையாத ஊசியும் அதன்பின் 6 முதல் 18 மாதம் மாத்திரையும். உறுப்பு மாற்று செய்தவருக்குச் சிறுநீரகத்தைக் காக்க லைபோசோம் வகைதான், குறைந்தது இரண்டு வாரம். உறுப்பு மாற்று இல்லாதவர்களிலும், நோய் சீக்கிரம் பிடிபட்டு, அடிப்படை நோய் கட்டுக்குள் இருந்து, நன்றாகத் தேறியவருக்கு மட்டும் இரண்டு வாரத்தில் ஊசியை முடிப்பது உண்டு.

வார்டில் ஒரு மாதம்

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய வகை ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 0.7 முதல் 1 மி.கி., ஆகவே நாளொன்றுக்கு 42 முதல் 60 மி.கி. லைபோசோம் வகை என்றால் கிலோவுக்கு 3 முதல் 4 மி.கி., அதாவது 180 முதல் 240 மி.கி., 50 மி.கி. குப்பிகள் நான்கு அல்லது ஐந்து. இரண்டும் ஒரே பெயரைச் சுமக்கும் இரு வேறு மருந்துகள். லைபோசோம் அளவைப் பழைய வகையில் கொடுத்துவிட்டால் இதயம் நின்றுபோகலாம். பழைய வகையில் கிலோவுக்கு 1.5 மி.கி.க்கு மேல் எழுதியிருந்தால் மருந்தாளரும் தாதியும் கையை நிறுத்தி எழுதியவரைக் கேட்க வேண்டும்.

பழைய வகையை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டும் கலக்க வேண்டும். உப்பு நீர் பட்டால் மருந்து திரிந்துவிடும், குழாயைக் கழுவுவதும் டெக்ஸ்ட்ரோஸில்தான். ஒரு மி.லி.க்கு 0.1 மி.கி. என்ற செறிவில், 60 மி.கி.க்கு 600 மி.லி., நான்கு முதல் ஆறு மணி நேரம் மெதுவாக. இனிப்புநீர் உள்ளவருக்கு அந்த 600 மி.லி.யில் 30 கிராம் சர்க்கரை போகிறது என்பதால் இன்சுலினைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஊசிக்கு முன், இதயமும் சிறுநீரகமும் தாங்கினால், வேறு குழாயில் ஒரு லிட்டர் உப்பு நீரும் அதில் 20 மில்லிமோல் பொட்டாசியமும். இந்த உப்பு நீர்தான் சிறுநீரகத்துக்குக் கவசம். தலைவலியில் சாப்பிடாமல், வாந்தி எடுத்து வறண்டு கிடப்பவருக்கு இதை விட்டுவிட்டு மருந்தை மட்டும் ஏற்றினால் சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றாம் நாளே எகிறும்.

ஏற்றத் தொடங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிர், நடுக்கம், காய்ச்சல் வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் இது ஒவ்வாமை இல்லை, மருந்தே கிளப்பும் அழற்சி. முன்கூட்டியே பாரசிட்டமால், தேவையானால் சிறிதளவு ஹைட்ரோகார்டிசோன், கட்டுக்கடங்காத நடுக்கத்துக்குப் பெத்திடின். வேகத்தைக் குறைத்தாலும் அடங்கும். அடுத்தடுத்த நாள்களில் தானாகவே குறைந்துவிடும். இந்த நடுக்கத்தைப் பார்த்து "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வேண்டாம்" என்று குடும்பம் நிறுத்தச் சொல்வதால் வரும் இழப்பு மிகப் பெரியது.

பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் கொட்டும். கால் தசை பிடிப்பு, தளர்ச்சி, இதயத் துடிப்பில் தடுமாற்றம் அதனால் வருபவை. தினம் இரண்டு வாழைப்பழம், இளநீர் என்று உறவினர்கள் வாங்கி வருவார்கள், அன்பு புரிகிறது. ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 10 மில்லிமோல் பொட்டாசியம்தான், இந்த மருந்து உறிஞ்சும் அளவுக்கு அது ஈடுகொடுக்காது. மாத்திரையும் சில நேரம் ஊசியும் தேவை. மக்னீசியம் குறைந்திருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் ஏறாது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் இரண்டாம் வாரத்துக்குப் பின் இறங்கும். இரும்பு மாத்திரை உடனே அதைத் தூக்காது, ஊசி முடிந்ததும் மெல்ல ஏறும். கையில் நரம்பு வீங்கிக் கட்டிப்போவதால், ஒரு மாதச் சிகிச்சை என்று தெரிந்த முதல் வாரத்திலேயே கையின் மேற்பகுதியில் நீண்ட குழாய் போட்டுவிடுவது நல்லது.

ஃப்ளூசைட்டோசின் கிலோவுக்கு 100 மி.கி., நான்காகப் பிரித்து. 60 கிலோவுக்கு ஒரு நாளில் 6 கிராம், ஆறு மணிக்கொரு முறை 500 மி.கி. மாத்திரை மூன்று. மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்காமல் கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டால் குமட்டல் குறையும். இதைத் தனியாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது, பூஞ்சை சில நாளில் பழகிவிடும். இங்கே இரு மருந்துக்கும் நடுவே ஒரு கண்ணி இருக்கிறது. ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஃப்ளூசைட்டோசின் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. கிரியாட்டினின் ஏறியும் அளவைக் குறைக்காமல் விட்டால் மருந்து உடம்பில் தேங்கி எலும்பு மஜ்ஜையை அடக்கும். வெள்ளணுவும் தட்டணுவும் விழும், வயிற்றுப்போக்கு வரும். வாரம் இரு முறையாவது இரத்த எண்ணிக்கை பார்க்காமல் இந்த மருந்தைத் தொடரக் கூடாது. இது எல்லா மருந்தகத்திலும் எந்நேரமும் இருக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. நோய் உறுதியான அன்றே விசாரித்து வரவழைக்க வேண்டும். அதுவரை ஆம்ஃபோடெரிசினோடு ஃபுளூகொனசோல் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் சேர்ப்பது அடுத்த சிறந்த வழி.

கண் போவது எப்படி

மருந்து சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பார்வை போகலாம். பூஞ்சை செத்தாலும் அடைத்த வடிகால் உடனே திறப்பதில்லை. முதல் இரண்டு வாரம் அழுத்தத்தை இறக்குவது மருந்துக்குச் சமமான சிகிச்சை. 35 செ.மீ. இருந்தால் நீரை வடித்து 20க்குள் கொண்டுவர வேண்டும், மிக உயரமாக இருந்தால் குறைந்தது பாதியாக. ஒரு முறை 20 முதல் 30 மி.லி. எடுக்கலாம். தலைவலி ஒரு மணி நேரத்துக்குள் குறைவதை நோயாளியே சொல்வார். மறுநாள் மறுபடி ஏறியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு நாள் சரியான அளவில் நிற்கும்வரை. "நேற்றுதானே குத்தினார்கள், இன்றைக்கும் ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். மூளை அழுத்தத்துக்கு வழக்கமாகத் தரும் மருந்துகளில் மானிட்டால் இதற்கு உதவாது, அசிட்டசோலமைடு தீங்கு செய்யும். பல நாள் குத்தியும் இறங்காவிட்டால் முதுகில் தற்காலிகக் குழாய், பிறகு மூளையிலிருந்து வயிற்றுக்கு நிரந்தரக் குழாய். பூஞ்சை இருக்கும்போது நிரந்தரக் குழாய் வைக்கலாமா என்று தயங்குவார்கள். தக்க பூஞ்சை மருந்து போய்க்கொண்டிருந்தால் வைக்கலாம். தயங்கும் ஒவ்வொரு நாளும் பார்வை நரம்பின் கணக்கில்தான் கழிகிறது.

பூஞ்சை செத்த பிறகும் நோயாளி மோசமாவதுண்டு. முதுகு நீரில் பூஞ்சை வளரவில்லை, ஆனால் பார்வை மங்குகிறது, காது அடைக்கிறது, மறுபடி தூக்கம். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருக்கிறது, செத்த பூஞ்சையின் குப்பையைப் பார்த்து அது மிதமிஞ்சிச் சீறுகிறது. இதை மருந்து தோற்றுவிட்டது என்று எண்ணி ஊசியை நீட்டிக்கொண்டே போவது ஒரு தவறு. வளர்ப்பு முடிவைப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுப்பது இன்னொரு தவறு. 2016இல் வெளியான ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது பூஞ்சை மெதுவாகச் செத்தது, ஊனம் கூடியது, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அந்த முடிவைக் காட்டி, பூஞ்சை வளராத நிலையில் அழற்சியால் பார்வை இழக்கும் எச்.ஐ.வி. இல்லாத நோயாளிக்கும் ஸ்டீராய்டை மறுப்பது சரியாகாது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு மெத்தில்பிரெட்னிசொலோன் தினம் 1 கிராம் ஒரு வாரமும், பிறகு மாத்திரையாக மெல்லக் குறைத்தும் கொடுத்துப் பலரைத் தேற்றியிருக்கிறார்கள். இரண்டு நிலையையும் பிரிப்பது வளர்ப்பு முடிவு ஒன்றே. வளர்ப்பு இரண்டு வாரம்வரை எடுக்கும் என்பதால் இரண்டாம் வார முதுகு நீரைத் தள்ளிப்போடக் கூடாது. ஆன்டிஜென் அளவு இதற்கு உதவாது, குணமானவருக்கும் மாதக்கணக்கில் இருக்கும்.

உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு இதே சிக்கல் வேறு வழியில் வரும். பூஞ்சை என்று தெரிந்ததும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை ஒரேயடியாக நிறுத்தினால் அழற்சியும் சீறும், மாற்றுச் சிறுநீரகமும் போகலாம். ஒவ்வொன்றாக, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பிழைப்பவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. அமெரிக்காவில் 15 மருத்துவமனைகளில் 1990 முதல் 1996 வரை எச்.ஐ.வி. இல்லாத 306 பேரைத் தொகுத்து 2001இல் வெளியிட்டார்கள், பாதிப் பேருக்கு மூளையில் நோய். இறந்தவர்கள் 30 சதவீதம், ஆனால் பூஞ்சையால் இறந்தவர்கள் என்று கணித்தது 12 சதவீதம். அறுபது வயதைக் கடந்தவர்கள், இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், உறுப்பு செயலிழந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஒருவரின் முடிவைக் கணிக்க அவருடைய அடிப்படை நோயைப் பார்க்காமல் முடியாது என்பதற்கு அந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே சாட்சி. வந்து சேரும்போது நினைவு தெளிவாக இருந்தவரும் நினைவு தப்பி வந்தவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கமாட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் பட்டியலில் பார்வை போனவரும் காது கேளாதவரும் அடக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஊசி முடிந்ததும் ஃபுளூகொனசோல் தினம் 400 முதல் 800 மி.கி. எட்டு வாரம், பிறகு 200 மி.கி. ஆறு முதல் பன்னிரண்டு மாதம். ஸ்டீராய்டு தொடர வேண்டியவருக்கு அதற்கு மேலும். தலைவலி போய், வேலைக்குப் போகத் தொடங்கிய மூன்றாம் நான்காம் மாதத்தில்தான் பலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். கிளினிக்கில் வேறு மருந்து எழுதும்போது சிக்கலும் அப்போதுதான் வரும். இனிப்புநீருக்கு கிளிக்கிளசைடு போடுபவருக்கு இந்த மாத்திரை அதன் வலிமையைக் கூட்டும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தாக விழும். மெட்ஃபார்மினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக் கசிவு, கொழுப்புக்கு சிம்வஸ்டேட்டின் எடுப்பவருக்குத் தசைச் சிதைவு. மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸின் அளவை ஃபுளூகொனசோல் தொடங்கும்போதே குறைத்து இரத்த அளவைப் பார்க்க வேண்டும். ஃபுளூகொனசோலை நிறுத்தும்போது மறுபடி உயர்த்தவும் வேண்டும். இரண்டாவதை மறந்தால் மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்கும். கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்குக் கருத்தடை பற்றிப் பேசாமல் இந்த அளவில் மாத்திரையைக் கொடுத்தனுப்பக் கூடாது.

சில மாதம் கழித்து நடை தள்ளாடி, சிறுநீர் கட்டுப்படாமல், மறதி கூடினால், வயதானவர் என்றால் வீட்டில் முதுமை மறதி என்று விட்டுவிடுவார்கள். மூளையில் நீர் தேங்கியிருக்கலாம், ஒரு ஸ்கேன் சொல்லிவிடும், குழாய் வைத்தால் பலர் மறுபடி நடக்கிறார்கள். மாத்திரை முடிந்த முதல் ஆண்டில் பழைய மாதிரியான தலைவலி ஒரு வாரம் நீடித்தால் பனடோலோடு காத்திருக்க வேண்டாம். பழைய வெளியேற்றத் தாளையும் கடைசி முதுகு நீர் முடிவையும் எடுத்துக்கொண்டு, சிகிச்சை பார்த்த அதே மருத்துவமனைக்குப் போய், அழுத்தம் அளந்து பூஞ்சை வளர்ப்புக்கு முதுகு நீர் எடுக்கச் சொல்லுங்கள்.